ரெஸ்யூம் போகிறது, போன் வரவில்லை: பழுது எங்கே என்று பார்ப்பது எப்படி

ஒவ்வொரு வருஷமும் ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது என் மேஜைக்கு முன்னால் வரிசை தொடங்கிவிடும். தென்சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிளேஸ்மென்ட் பொறுப்பும் என்னிடம்தான். இறுதியாண்டுப் பிள்ளைகள் ரெஸ்யூமோடு வந்து நிற்பார்கள். பிறகு கம்பெனி ஆட்கள் வந்து அதே தாள்களைப் புரட்டும்போது எதிர் நாற்காலியில் நான் இருப்பேன். அவர்கள் கண் எந்த வரியில் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "எனக்கு இங்கிலீஷ் வராது மேம், அதான் கூப்பிட மாட்டேங்கறாங்க." சிலர் அதற்குள் கடன் வாங்கி ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்ந்திருப்பார்கள். தாளை வாங்கிப் பார்த்தால் போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைவாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு புகாருக்கும் காசு செலவாகாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போகலாம். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். மாதிரி வரிகளை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

## "அம்பது இடத்துக்கு அனுப்பிட்டேன் மேம், ஒரு போன்கூட வரல"

நம்பர். பக்கத்தில் இருப்பவரிடம் தாளைக் கொடுத்து, அதைப் பார்த்து அவர் போனிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். நீங்களே சரிபார்த்தால் போதாது. நம் நம்பர் நமக்கு மனப்பாடம். தாளில் தப்பாக இருந்தாலும் கண் சரியாகவே படித்துக்கொள்ளும். ஒரு மாணவன் நான்கு மாதம் காத்திருந்தான். பழைய சிம்மை விட்டுப் புது நம்பர் வாங்கியவன், தாளில் மாற்ற மறந்திருந்தான்.

மெயில். மணி அடித்ததா? சரி, அதே ஆளைத் தாளைப் பார்த்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். இன்டர்வியூ அழைப்பு அங்கே கிடந்து தேதி கடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். மெயில் ஐடியில் நடிகர் பெயரோ வீட்டுச் செல்லப்பெயரோ இருந்தால் புதிதாக ஒன்று திறந்துவிடுங்கள். கல்லூரி கொடுத்த ஐடியும் வேண்டாம். படிப்பு முடிந்த பிறகு அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

கோப்பு. 'ரெஸ்யூம் ஃபைனல் நியூ 3' என்று பெயர் வைத்து அனுப்பினால், அதே பெயரில் வந்த இருபது கோப்புகளோடு உங்களுடையதும் கலந்துவிடும். உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் வேலையையும் கோப்புக்குப் பெயராக வையுங்கள். வேர்டு கோப்பு இன்னொருவர் போனில் வரி கலைந்து திறக்கும் என்பதால், வேர்டில்தான் வேண்டும் என்று கேட்காதவரை பிடிஎஃப் அனுப்புங்கள்.

குறி. இது மூன்றும் சரி என்றால் இனிமேல்தான் உழைப்பு. அனுப்பியதில் பத்து விளம்பரங்களை மறுபடி திறந்து, கேட்ட தகுதி உங்களிடம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'இரண்டு வருட அனுபவம்' கேட்ட இடம் எத்தனை? வேறு பட்டம் கேட்ட இடம் எத்தனை? பாதிக்கு மேல் பொருந்தவில்லை என்றால் தாளில் கை வைக்காதீர்கள், அனுப்பும் இடத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் பொருந்துகிறது, ஆனாலும் அழைப்பு இல்லை என்றால் பழுது தாளின் மேல் பாதியில் இருக்கிறது.

மேல் பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், கம்பெனியிலிருந்து வருபவர்கள் ஒரே மதியத்தில் நூற்றுக்கணக்கான தாள்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர், படிப்பு, அதற்குக் கீழே இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான் நேரம். அந்த அருமையான இடத்தை நம் பிள்ளைகள் 'பெயர் பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து, என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உழைப்பதே என் குறிக்கோள்' என்பதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதை எழுதாத பிள்ளையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எடுத்துவிட்டு, 'பி.காம். இறுதியாண்டு. டேலியில் ஜிஎஸ்டி பதிவு போடத் தெரியும். ஜூன் முதல் வேலைக்கு வர முடியும்' என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு உடனே ஒரு வேலை ஞாபகம் வரும்.

அப்பா பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண் எதுவும் வேண்டாம். ஆதார் எண்ணை முகம் தெரியாத ஐம்பது பேருக்கு அனுப்புவது ஆபத்தும்கூட. முகவரிக்கு 'மடிப்பாக்கம், சென்னை' போதும். கடைசியில் போடும் 'மேற்கண்டவை யாவும் உண்மை' உறுதிமொழியை, கேட்கும் விண்ணப்பத்தில் மட்டும் போடுங்கள். மிச்சமாகும் இடம் உங்கள் வேலைக்கு ஆகும். மாணவருக்கு ஒரு பக்கம் தாராளம்.

## "வெப்சைட்டுல ஏத்தினா பேரு வர்ற இடத்துல ஊரு வருது"

பெரிய கம்பெனிகள் விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் வழியாக எடுத்துக்கொள்கின்றன. அது உங்கள் தாளை எப்படிப் படிக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை போதும். கணினியில் பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

*ஒன்றுமே ஒட்டவில்லை.* உங்கள் ரெஸ்யூம் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்ததைப் போனில் ஸ்கேன் செய்து அனுப்பினால் இப்படித்தான் ஆகும். மூலக்கோப்பிலிருந்து நேராகப் பிடிஎஃப் ஆக்குங்கள். மூலக்கோப்பு தொலைந்துபோயிருந்தால் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

*ஒட்டுகிறது, ஆனால் வரிசை குழம்பியிருக்கிறது.* இரண்டு பத்தி வடிவம், அட்டவணை, டெக்ஸ்ட் பாக்ஸ் இவற்றில் ஏதாவது ஒன்று காரணம். கேன்வாவில் அழகாகத் தெரிகிற பக்கவாட்டுப் பட்டை அச்சில் கொடுக்கத்தான் லாயக்கு. மேலிருந்து கீழே ஒரே பத்தியாக மாற்றுங்கள்.

*பெயரோ நம்பரோ மட்டும் காணவில்லை.* அவற்றைப் பக்கத்தின் தலைப்பகுதிக்குள், அதாவது ஹெட்டருக்குள் வைத்திருப்பீர்கள். வெளியே எடுத்து முதல் வரியாக எழுதுங்கள்.

*எழுத்துக்குப் பதில் ஏதேதோ குறிகள்.* தமிழ் ரெஸ்யூமில் அடிக்கடி வருவது இது. பத்திரிகை, பதிப்பகம், பள்ளி, தொண்டு நிறுவனம் என்று தமிழில் விண்ணப்பிக்கிறவர்கள் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துவாங்கி அந்தக் கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வரிவரியாகப் படித்துவிடுங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

'ஜாவா 80%' என்று போடும் பட்டைகளையும் நட்சத்திரங்களையும் மென்பொருள் படிக்காது. மனிதரும் நம்புவதில்லை.

## "எங்க கிளாஸ்ல எல்லார் ரெஸ்யூமும் ஒண்ணாத்தான் மேம் இருக்கு"

இதில் என் பங்கும் உண்டு. பொறுப்பேற்ற முதல் வருஷம், பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானே ஒரு மாதிரி தயாரித்து வகுப்புக் குழுவில் போட்டேன். பெயரையும் மார்க்கையும் மாற்றி எல்லோரும் அதையே கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் பத்துத் தாள் புரட்டிவிட்டு, "எல்லாம் ஒரே பிள்ளை மாதிரி இருக்கே மேடம்" என்றார். நல்ல பிள்ளைகளின் முகமே தெரியாமல் போனதற்கு நான் காரணமாகிவிட்டேன். அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

முதல் சோதனை: உங்கள் தாளில் பெயரை மறைத்துவிட்டு நண்பரிடம் கொடுத்து, யாருடையது என்று கேளுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றுவேன்', 'விரைவில் கற்றுக்கொள்வேன்' மூன்றையும் அடித்துவிடுங்கள். பொழுதுபோக்கில் 'பாட்டுக் கேட்பது' இருந்தால் அதையும் சேர்த்து.

அடுத்தது சான்றிதழ்கள். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து அதன் கோர்ஸ்கள் பாடத்தோடு சேர்ந்தே நடக்கின்றன. வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிற சான்றிதழின் பெயரை மட்டும் எழுதினால் அது உங்களைக் காட்டாது. அதில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் கோர்ஸ் முடித்திருந்தால் அது 4 வாரமா, 8 வாரமா, 12 வாரமா என்பதையும் வாங்கிய மதிப்பெண்ணையும் போடுங்கள். தேர்வு மையத்துக்குப் போய் எழுதிய மதிப்பெண்ணுக்கு மரியாதை உண்டு.

செலவு அதிகமான காரணம் கடைசியில் வருகிறது: ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதையே நான்கு கல்லூரிப் பிள்ளைகள் தலைப்புகூட மாறாமல் எழுதியிருப்பார்கள். வருபவர்களுக்கு அந்தத் தலைப்புகள் மனப்பாடம். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று சனி ஞாயிறு செலவழித்துச் சின்னதாக ஒன்றை நீங்களே செய்யுங்கள். புள்ளியியல் படித்த ஒரு மாணவி, தாம்பரத்தில் தான் ஏறும் பஸ் தினமும் எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு மாதம் எக்செலில் குறித்து, எந்தக் கிழமை அதிகம் தாமதமாகிறது என்று வரைபடம் போட்டாள். ரெஸ்யூமில் இரண்டு வரிதான். இன்டர்வியூவில் முக்கால்வாசி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

## "போடறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல மேம்"

எனக்கு மிகவும் வலிக்கிற புகார் இதுதான். பெரும்பாலும் இது உண்மையில்லை என்பதால்தான் வலிக்கிறது.

ஒரு பையன் பாதித் தாள் வெறுமையாக வந்தான். காலையில் ஏன் எப்போதும் தூங்கி வழிகிறாய் என்று கேட்டேன். "தி.நகர்ல துணிக்கடைல பில்லிங் மேம், பத்தரை ஆகும் வீட்டுக்கு வர." எத்தனை நாளாக? "ரெண்டு வருஷமா." ஏன் எழுதவில்லை? "அது வேலையில்ல மேம், சும்மா வீட்டுக் கஷ்டத்துக்கு." தீபாவளிக் கூட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பில் போடுவாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு முந்நூறு இருக்கும் என்றான். கணக்கு இடித்தால்? ராத்திரி உட்கார்ந்து அவனே சரிபார்ப்பானாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மெஷினைச் சொல்லித்தருவதும் அவன்தான்.

அன்றைக்கு அவன் தாளில் ஏறிய வரிகள் இவை: 'துணிக்கடை, தியாகராய நகர். பகுதிநேர பில்லிங், இரண்டு ஆண்டுகள். பண்டிகைக் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 300 பில்கள். தினசரி ரொக்க இருப்பைச் சரிபார்த்தது. புதிய ஊழியர் நால்வருக்குப் பயிற்சி கொடுத்தது.' வங்கிக் கிளைக்கோ கணக்குப் பிரிவுக்கோ ஆள் எடுப்பவர் இதைத் தாண்டிப் போக மாட்டார்.

உங்களுக்கும் இருக்கும். கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன், அப்பாவின் மெக்கானிக் கடையில் சாமான் கணக்கு, அம்மா தைக்கும் பிளவுஸ்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடிப்பது, கல்யாணப் பந்தியில் பரிமாறுவது, உணவு டெலிவரி, என்எஸ்எஸ் முகாம் எல்லாம் கணக்கில் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது, பால் கேட்டவர், மருந்து கேட்டவர், படகு கேட்டவர் என்று வீட்டிலிருந்தே பட்டியல் போட்டுக்கொடுத்த பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். அதை அவள் எழுதவே இல்லை. வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

எழுதும் முறை: என்ன செய்தீர்கள், எவ்வளவு, அதனால் என்ன ஆனது. 'எவ்வளவு' என்பதில் கூட்டிச் சொல்லாதீர்கள். தோராயம் என்றால் 'சுமார்' போடுங்கள்.

இப்படிக் கேட்டுப் பார்த்தும் நிஜமாகவே ஒன்றும் இல்லை என்றால், தாளைத் திருத்தி ஆகப்போவதில்லை. அனுபவத்தைத்தான் தேட வேண்டும். தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. பட்டமும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு நிறுவனங்களில் பயிற்சி பெறும் வழி அதன் மூலம் உண்டு. மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் தளமான நாட்ஸில் பதிவு செய்ய வேண்டும், பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

## "ரெஸ்யூம்ல இருக்கறதையே கேட்டாங்க, வாய் வரல"

தாளில் ஒவ்வொரு வார்த்தையின் மேலும் விரலை வைத்து, 'இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாததை எடுத்துவிடுங்கள். ஒரு செமஸ்டரில் பாடமாக வந்ததால் மட்டும் பைத்தான் தெரியும் என்று ஆகாது. எடுத்த பிறகு தாள் மெலிந்து போனால் மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள்.

## "அரியர் இருக்கு, மார்க் கம்மி. மறைக்கலாமா?"

மறைக்காதீர்கள். சேரும் நாளில் மார்க்ஷீட் கேட்பார்கள், அப்போது வேலையே போகும்.

பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது என்று விளம்பரத்திலேயே இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அப்படி நிபந்தனை போடாத இடங்களுக்கு அனுப்பும்போது படிப்புப் பகுதியைத் தாளின் கீழே இறக்கி, வேலையையும் ப்ராஜெக்டையும் மேலே கொண்டுவாருங்கள். அது மறைப்பதாகாது. நிலுவை இருந்தால் 'ஒரு தாள் நிலுவை, நவம்பரில் எழுதுகிறேன்' என்று நேராகச் சொல்லலாம்.

பிளஸ் டூ மார்க்கை வெறும் எண்ணாக எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள். மொத்தம் 600 என்பது வெளிமாநிலத்தில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரியாது. சிஜிபிஏவை 9.5-ஆல் பெருக்கிச் சதவீதமாக்கும் பழக்கம் சிபிஎஸ்இயிலிருந்து வந்தது. உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு எதுவோ அதையே போடுங்கள்.

## "கவர் லெட்டர்ல என்ன எழுதறதுன்னே தெரியல"

நாம் எல்லோரும் பள்ளியில் எழுதிப் பழகிய ஒரே கடிதம் லீவ் லெட்டர். அதன் சாயல் இங்கேயும் வந்துவிடுகிறது. 'மதிப்பிற்குரிய ஐயா, என் குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு இந்த வேலையைக் கொடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று கெஞ்சும் கடிதங்களைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது. பிள்ளையின் கஷ்டம் உண்மை. ஆனால் படிப்பவர் தேடுவது தன் வேலையை முடித்துத் தரும் ஆளை.

சோதனை எளிது. கடிதத்தில் கம்பெனி பெயரை மாற்றினால் வேறு எந்தக் கம்பெனிக்கும் அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அது பழுது. முன்பு அனுப்பிய கம்பெனியின் பெயரே உள்ளே எங்காவது மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். இது நடக்காது என்று நினைக்காதீர்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு என் மாணவி ஒருத்தி எழுதியதன் சாரம் இது: 'கணக்கு உதவியாளர் தேவை என்ற உங்கள் விளம்பரம் பார்த்தேன். கொள்முதல் பில்களைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் மாமாவின் ஹார்டுவேர் கடையில் ஒன்றரை வருடமாக அதைச் செய்கிறேன். மாதம் சுமார் 80 பில்கள், டேலியில். கொரட்டூரில் வசிக்கிறேன், தினமும் வந்துபோக முடியும். ஏப்ரலில் தேர்வு முடிகிறது, மே முதல் வாரம் சேரலாம். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன்.' அவ்வளவுதான். அவர்கள் கேட்டது, நான் செய்தது, எப்போது வர முடியும் என்ற மூன்றும் இருக்கின்றன. சென்னையில் எங்கே குடியிருக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்கு ஆள் எடுப்பவர், எண்ணூரிலிருந்து இந்தப் பிள்ளை எப்படி வரும் என்று கட்டாயம் யோசிப்பார்.

இப்போது நிறைய முதலாளிகள் வாட்ஸ்அப்பில்தான் ரெஸ்யூம் கேட்கிறார்கள். அங்கே அனுப்பும் செய்திதான் உங்கள் கவர் லெட்டர். 'ஹாய் சார்' என்று மட்டும் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். மேலே உள்ளதை நான்கு வரியாகச் சுருக்கி, கோப்போடு சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வேண்டாம்.

## "வேலை கிடைச்சிடுச்சு, பேரு ஒத்துவரலன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க"

நம் ஊர் இனிஷியல் தரும் சிக்கல் இது. மார்க்ஷீட்டில் 'கே. பிரியா', ஆதாரில் 'பிரியா குமார்', ரெஸ்யூமில் வெறும் 'பிரியா' என்று மூன்று விதமாக இருக்கும். ரெஸ்யூமில் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர் கேட்டால் இனிஷியலின் விரிவைப் போடலாம். ஒரு முறை எப்படிப் போட்டீர்களோ அதையே எல்லா இடத்திலும் போடுங்கள். ஆதாரில்தான் தப்பு என்றால் சேவை மையத்தில் திருத்திக்கொள்ளலாம். இனிஷியல் விரிவு மட்டுமே வித்தியாசம் என்றால் நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரத்தைக் கம்பெனிகள் கேட்பதுண்டு. பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வரை போக வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்பதால் இறுதியாண்டு தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

## எப்போது இன்னொருவரிடம் போவது

மேலே உள்ளதெல்லாம் செய்து, பொருத்தமான முப்பது இடங்களுக்காவது அனுப்பி, ஆறு வாரம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை என்றால் தனியாகப் போராடாதீர்கள். முதலில் நீங்கள் விரும்பும் அதே வேலையில் இப்போது இருக்கிற சீனியர் ஒருவர். அப்புறம் உங்கள் கல்லூரிப் பிளேஸ்மென்ட் அலுவலர். கிண்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் அவர்கள் நடத்துகிறார்கள். இவை எதற்கும் காசு கிடையாது.

காசு வாங்கி ரெஸ்யூம் எழுதித் தருபவர்களிடம் மாணவர்கள் போக வேண்டிய தேவையை நான் இதுவரை பார்க்கவில்லை. பத்து வருஷ அனுபவத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்குவதற்கு அவர்கள் உதவலாம். உங்கள் துணிக்கடை நாட்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ரெஸ்யூம் பார்த்துத் தேர்வு செய்துவிட்டோம், டெபாசிட் கட்டுங்கள், லேப்டாப்புக்கு முன்பணம் அனுப்புங்கள் என்று எந்தக் கன்சல்டன்சி சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். கல்லூரியிலும் சொல்லிவிடுங்கள், அதே ஆட்கள் அடுத்து உங்கள் ஜூனியரைக் கூப்பிடுவார்கள்.